மோகனூர் ஓவியரின் வழிநடைப் பாட்டு

வெ. ராமலிங்கம் பிள்ளைக்குத் தொழில் படம் எழுதுவது. நாமக்கல் தாலுகா ஆபீசில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தார், தொடக்கப் பள்ளியில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்தார், இரண்டும் ஒட்டவில்லை. அதன்பின் குடும்பத்துக்குச் சோறு போட்டது தூரிகைதான். பாட்டு அவருக்குப் பிழைப்பு அல்ல. நாடகக்காரர்கள் கேட்டால் எழுதிக் கொடுத்தார், கட்சிக்காரர்கள் கேட்டால் எழுதிக் கொடுத்தார், யாரும் கேட்காதபோதும் எழுதினார். ஆனால் அவர் தீட்டிய உருவப்படங்களில் ஒன்றையாவது பார்த்திருக்கிறேன் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று மிகக் குறைவு. அவருடைய பாட்டு ஒன்றைப் பள்ளிக்கூடத்திலாவது பாடாமல் வளர்ந்தவர்களும் அதே அளவு குறைவு. நாமக்கல் கவிஞர் என்று தமிழ்நாடு அவரை அழைப்பது இந்த இரண்டாவது வேலைக்காகத்தான்.

பெயரில் நாமக்கல் இருந்தாலும் பிறந்த ஊர் மோகனூர். நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரியின் வடகரையில் இருக்கும் ஊர் அது. எதிர்க்கரையில் வாங்கல். பாலம் வருவதற்கு முன்பு அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் பரிசல்தான். அசலதீபேசுவரர் கோயிலும், காந்தமலையில் நிற்கும் முருகனும், வாய்க்கால் பாசனத்தில் விளையும் வாழையும் கரும்பும் கோரையும் ஊரின் அடையாளங்கள். அங்கே 1888 அக்டோபர் 19-ஆம் தேதி, ஏழு பெண் குழந்தைகளுக்குப் பிறகு எட்டாவதாக, வெங்கடராமன் என்ற போலீஸ்காரருக்கும் அம்மணி அம்மாளுக்கும் அந்தப் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை வேண்டி ராமேசுவரத்துக்கு நேர்ந்துகொண்டு பெற்றதால் ராமலிங்கம். தகப்பனாருக்கு நாமக்கல்லில் வேலை என்பதால் வளர்ந்தது அங்கே. பிறகு கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் படிப்பு.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து மனிதர்களின் காதில் விழுந்த பாட்டு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ராமலிங்கம் பிள்ளை பின்னால் எழுதியதற்கெல்லாம் அதுதான் மண். மேடைக் கச்சேரி தஞ்சாவூர்ப் பக்கத்துக் காரியம். கொங்குச் சமவெளியில் பாட்டு, வேலை முடிந்த பிறகு வருவது. பகலில் ஏர் ஓட்டியவர் இரவில் உடுக்கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அண்ணன்மார் கதையைப் பாடுவார். பொன்னர், சங்கர் கதையை முழுதாகப் பாடி முடிக்கப் பல இரவுகள் பிடிக்கும். 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதைப்பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதற்கு முன்பு எத்தனையோ தலைமுறையாக அது எழுத்தின் துணை அதிகம் இல்லாமலே வாயிலிருந்து வாய்க்குக் கைமாறி வந்திருந்தது. கும்மிக்கும் அதே முறைதான். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், சுற்றி நிற்பவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கால் ஒரு பக்கம் தாளம் போடும், கை ஒரு பக்கம். பாடத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவினைக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

இன்னொன்று, நடந்துகொண்டே பாடுவது. சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவர்களுக்கு வழியில் பாட்டுத்தான் துணை. காவடிச் சிந்துக்கு இலக்கியத்தில் ஓர் இடம் தேடித் தந்தவர் தெற்கே அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் கழுகுமலை முருகன்மீது அவர் பாடினார். 1891-இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். ஆனால் அவர் கட்டிய சிந்து மெட்டுகள் தமிழ்நாடு முழுக்க நடந்துவிட்டன. வழிநடைச் சிந்து என்றே ஒரு பாட்டு வகை உண்டு. வழியில் வரும் ஊர், குளம், சத்திரம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. கால் வலி தெரியாமல் இருக்க மனிதர்கள் கண்டுபிடித்த மருந்து அது.

இவற்றோடு நாடகப் பாட்டு. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டுமென்றால் பாடுகிறவர் தொண்டையைத்தான் நம்ப வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படிப் பாடிப் பெயரெடுத்தவர்கள். கீழே ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், அவ்வளவுதான் பக்கவாத்தியம். நாடகத்தில் பாடிய பாட்டு மறுநாள் காலையில் வண்டிக்காரன் வாயில் இருக்கும். இடையில் அச்சுக்காரரும் புகுந்துகொள்வார். சில பக்கம் கொண்ட மலிவுப் பாட்டுப் புஸ்தகங்கள் சந்தையிலும் ரயிலடியிலும் விற்றன. கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று எது நடந்தாலும் அதற்கொரு பாட்டு அச்சாகிவிடும். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சான இப்படிப்பட்ட நூல்களைத் தேடித் தொகுத்து ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற தலைப்பில் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

அந்தப் புஸ்தகங்களைத் திறந்தால் ஒன்று கண்ணில் படும். பல பாட்டுகளுக்கு மேலே, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று ஒரு வரி இருக்கும். ஸ்வரக் குறிப்பு கிடையாது. வாங்குபவருக்கு அந்தப் பழைய பாட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் சொற்களை அதில் ஏற்றிப் பாடிக்கொள்ள வேண்டியதுதான். மெட்டு ஊர்ப்பொது, சொல் மட்டும் புதிது. பாட்டு எழுதுகிறவருக்கு வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சங்கீத வித்வானைத் தேடிப் போக வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். வேறு தொழில் பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிய ஒரு பெருங்கூட்டம் அன்றைய தமிழ்நாட்டில் உருவானதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ராமலிங்கம் பிள்ளையின் தொழிலுக்கு வருவோம். ரவிவர்மாவின் படங்கள் அச்சாகி வீடுகளின் சுவரில் ஏறிவிட்டிருந்த காலம். ஜமீன்தார்களும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் வக்கீல்களும் தங்கள் உருவத்தை, அல்லது இறந்துபோன தகப்பனார் உருவத்தை, தைல வர்ணத்தில் எழுதி மாட்ட விரும்பினார்கள். ஓவியருக்கு வேலை கிடைத்தது. ஆனால் மாதச் சம்பளம் போல அல்ல. ஆள் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். ராமகிருஷ்ண பரமஹம்சரின் படம் அவர் எழுதிய முதல் படங்களில் ஒன்று. ஐந்தாம் ஜார்ஜின் தில்லி தர்பாரையொட்டி எழுதிய படத்துக்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது. பிற்காலத்தில் அந்த அரசுக்கு எதிராகவே ஊரைப் பாட வைத்த மனிதருக்கு முதல் பெரிய பாராட்டு அரசரின் விழாவில் கிடைத்திருக்கிறது.

செட்டிநாட்டில் ஒருநாள் அவர் பாரதியைப் பார்த்தார். புதுச்சேரியைவிட்டு வெளியே வந்தபின் பாரதி காரைக்குடிப் பக்கம் போய்வந்தபோது, கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் ஆதரவில் தங்கியிருந்தார். அறிமுகம் ஓவியர் என்றுதான் நடந்தது. நீர் எம்மை ஓவியத்தில் தீட்டும், யாம் உம்மைக் காவியத்தில் தீட்டுகிறோம் என்ற பொருளில் பாரதி வேடிக்கையாகச் சொன்னதாக ராமலிங்கம் பிள்ளை பின்னாளில் நினைவுகூர்ந்தார். இவர் பாட்டும் கட்டுவார் என்று கூட இருந்தவர்கள் சொல்ல, பாரதி ஒன்று பாடச் சொன்னார். நாடகத்துக்காக எழுதியிருந்த ஒரு பாட்டைக் கூச்சத்தோடு சொன்னார் ஓவியர். தன் அரசைப் பிறர் ஆள விட்டுவிட்டுக் கைகட்டி நிற்பவர்களைப் பற்றிய தொடக்கத்தைக் கேட்டதுமே பாரதி துள்ளிவிட்டார். நீர் புலவர்தான், சந்தேகமே இல்லை என்று வாயாரச் சொன்னார். படம் எழுதுகிற மனிதருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன கிடைத்துவிட முடியும்? ஆனாலும் மறுநாள் அவர் தூரிகையைக் கீழே போட்டுவிடவில்லை. பாட்டு பக்கத்தொழிலாகவே தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் மேடையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டுகள் நாடகங்களுக்கு நடுவே பாடப்பட்டன. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தபோது அதற்குப் பாட்டு எழுதியவரும் அவரே. சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், வள்ளி திருமணத்தில் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு, பறவையை விரட்டுகிற பாட்டில் வெள்ளைக்காரனை விரட்டினார். 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் கையில் இருந்ததால் போலீசார் கொட்டகையிலேயே காத்திருந்தனர். பாடி முடித்து இறங்கினால் சிறை. சிறையிலிருந்து வந்தால் மேடை. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் மயில் ஆசனத்தில் முருகனாக அமர்ந்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. பாரதியின் பாட்டுப் புத்தகங்களையும் 1928-இல் சென்னை அரசு பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து நெடுநேரம் வாதாடினார். ஒரு பாட்டைக் கண்டு அரசாங்கம் இவ்வளவு கலங்கியதற்குக் காரணம் அதன் கவிநயம் இல்லை. அது எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் கணக்கிட முடியவில்லை என்பதுதான்.

இந்தச் சூழலில் வந்தது 1930.

உப்புச் சட்டத்தை மீறக் காந்தி தண்டிக்கு நடந்ததும், தமிழ்நாட்டில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடக்க முடிவெடுத்தார். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925 முதல் காந்தி ஆசிரமம் நடத்திவந்தார். ராமலிங்கம் பிள்ளையோ கரூர், நாமக்கல் வட்டாரங்களில் காங்கிரஸ் வேலை பார்த்துவந்தவர். ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரம். பயணத்துக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. ஓவியர் எழுதித் தந்தார். 'கத்தியின்றி ரத்தமின்றி' என்று இன்றும் தமிழர்கள் சொன்னவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் பாட்டு அதுதான்.

ஏப்ரல் 13-ஆம் தேதி விடியற்காலையில், திருச்சிக் கன்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த தேதி அது. கூடவே சித்திரை பிறக்கும் நேரம். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்குப் பத்து மைல் கணக்கில் ஏறக்குறைய 150 மைல் நடக்க வேண்டும். கல்லணைப் பக்கத்துக் கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பாதை. தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் ஒரு புத்திசாலித்தனமான வழியைக் கண்டுபிடித்திருந்தார். நடப்பவர்களை அடித்தால் நாட்டுக்குக் கோபம் வரும். சோறும் திண்ணையும் கிடைக்காமல் செய்தால் தானாகத் திரும்பிவிடுவார்கள். தொண்டர்களுக்கு இடமோ உணவோ கொடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று தமுக்கடிக்கச் செய்தார். கொடுத்தவர்கள் சிலர் பிடிபடவும் செய்தார்கள். அதனால் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஊர்க்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். யார் கட்டியது என்று எந்தக் கலெக்டராலும் கேட்க முடியாது.

பாட்டும் அந்தப் பொட்டலம் போலத்தான் வேலை செய்தது. துண்டுப் பிரசுரம் கொடுத்தால் கொடுத்தவரைப் பிடிக்கலாம், அச்சடித்தவரைத் தேடலாம். ஏப்ரல் 27-ஆம் தேதி, தொண்டர்கள் வேதாரண்யம் போய்ச் சேருவதற்கு ஒரு நாள் முன்பு, வைசிராய் பத்திரிகைகளுக்கும் அச்சகங்களுக்கும் எதிராக அவசரச் சட்டமே கொண்டுவந்துவிட்டார். ஆனால் சாலையில் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போகிறது. வேலியோரம் நின்று கேட்ட மாட்டுக்காரப் பையன் அதில் பாதியைப் பிடித்துக்கொள்கிறான். அடுத்த ஊருக்கு அவன் வாய் வழியாகவே போகிறது. எதைப் பறிமுதல் செய்வது?

இப்படிப் பிடித்துக்கொள்ளும்படி அந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் ஓவியரின் கைத்திறன் விளங்கும். எழுசீர் அடி. முதல் அடியில் முதல் ஆறு சீரும் ஒரே வாய்பாடு: தேமா, தேமா, தேமா என்று மாறாமல் வருகிறது. ஏழாவது சீர் மட்டும் விளத்தில் முடிகிறது. தேமா என்றால் நேரசை இரண்டு. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. இடது கால், வலது கால். ஆறு முறை அப்படி அடி வைத்துவிட்டு ஏழாவதில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த அடியும் அதே அச்சுத்தான். எதுகைக்காக அவர் பிடித்த எழுத்து வல்லின ஒற்று. மூச்சு இரைக்க நடக்கிறவன் வாயிலும் நசுங்காமல் தெறித்து விழும் ஒலி. மெல்லினமும் இடையினமும் குழையும் ஓர் அடியை எழுதியிருந்தால் கச்சேரியில் அழகாக இருந்திருக்கும். பத்தாவது மைலில் அது கரைந்துபோயிருக்கும்.

சொற்களும் அப்படித்தான். அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆயுதமில்லாமல் நடக்கும் ஒரு விசித்திரமான சண்டையைச் சொல்லி, நம்பிக்கை உள்ளவர்கள் வந்து சேருங்கள் என்று கூப்பிடுகிறது பாட்டு. நடப்பவர்களுக்கு அது உற்சாகம், கேட்பவர்களுக்கு அழைப்பு. ஒரே பாட்டில் இரண்டு வேலை. ராகத்தில் ஊறிய பெரிய வித்வான் யாரிடமாவது இந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தால் இதைவிட நல்ல இசை கிடைத்திருக்கலாம். நூறு பேர், அதிலும் பெரும்பாலும் பாடத் தெரியாதவர்கள், வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிக்கொண்டே நடக்கக்கூடிய இசை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பாட்டை விற்றுப் பிழைக்காத, தன் குரலைக் காட்டவேண்டிய அவசியம் இல்லாத ஒருவர் எழுதியதால்தான் அது முழுக்க முழுக்கப் பாடுகிறவர்களுக்கான பாட்டாக அமைந்தது.

ஏப்ரல் 28-இல் தொண்டர்கள் வேதாரண்யம் சேர்ந்தார்கள். அங்கே அவர்களை வரவேற்று எல்லா ஏற்பாடுகளையும் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. 30-ஆம் தேதி காலை ராஜாஜி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பை அள்ளிக் கைதானார். ஆறு மாதத் தண்டனை. பாட்டு எழுதியவரும் தப்பவில்லை. அடுத்து வந்த சட்டமறுப்பில், 1932-இல், ராமலிங்கம் பிள்ளை ஓராண்டு சிறை சென்றார். தொழில் படம் எழுதுவது என்றால், ஓராண்டு சிறை என்பது ஓராண்டு வருமானமே இல்லாத குடும்பம். தேசபக்தியைப் பற்றிய கட்டுரைகளில் இந்தக் கணக்கு அதிகம் எழுதப்படுவதில்லை, எழுதப்பட வேண்டும்.

உலகத்தின் இன்னொரு மூலையில் ஏறக்குறைய அதே காலத்தில் இதே ஜாதி மனிதர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பாம்பா என்ற ஊரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த வுடி கத்ரி. தூரிகையால் சம்பாதித்துக்கொண்டு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, புழுதிப் புயலில் நிலமிழந்தவர்களோடு கலிபோர்னியாவுக்குப் போனவர். 1940-இல் அவர் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' அந்த நாட்டின் இன்னொரு தேசிய கீதம் போல ஆகிவிட்டது. அதன் மெட்டு அவருடையதல்ல. கார்ட்டர் குடும்பத்தார் பாடிவந்த பழைய பாட்டின் மெட்டு. நம்மூர்ப் பாட்டுப் புஸ்தகத்தில் வர்ணமெட்டு என்று ஒரு வரியில் போட்டதைத்தான் அவரும் செய்தார். நாமக்கல் ஓவியருக்கும் பாம்பா ஓவியருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தெரிந்த மெட்டில், தெரிந்த சொல்லில், கூட்டத்தின் வாய்க்கு ஏற்றபடி எழுத வேண்டும் என்ற தொழில் ரகசியம் இருவர் கையிலும் இருந்தது.

விடுதலை வந்தபின் ராமலிங்கம் பிள்ளைக்கு மரியாதைகள் வரிசையாக வந்தன. 1949-இல் சென்னை மாகாண அரசின் ஆஸ்தானக் கவிஞர், பிறகு சட்ட மேலவை உறுப்பினர், 1971-இல் பத்மபூஷண். 1972 ஆகஸ்ட் 24-இல் அவர் மறைந்தார். கோட்டையில் பத்து மாடித் தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகியிருக்கிறது. அவருடைய 'மலைக்கள்ளன்' நாவலைப் பட்சிராஜா ஸ்டூடியோ 1954-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடிக்க, மு. கருணாநிதி வசனத்தில் படமாக்கியது பலருக்கும் தெரிந்த கதை. தூரிகையும் பாட்டும் போதாதென்று 'என் கதை' என்ற தன்வரலாறு, குறள் உரை, உரைநடை நூல்கள் என்று அவர் எழுதிக் குவித்தார். அந்தத் தன்வரலாற்றைப் படிக்காதவர்கள் படிக்கலாம். நூறாண்டுக்கு முந்திய ஒரு சிற்றூர் ஓவியர் எப்படி வேலை தேடினார், எப்படிக் கூலி வாங்கினார் என்பதெல்லாம் அதில் உயிரோடு இருக்கிறது.

ஆனால் பாட்டுக்கு நேர்ந்தது வேறு. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943-இல் சென்னையில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழ்ப் பாட்டுகள் மேடை ஏறின. அது தேவையான, நியாயமான போராட்டம். ஆனால் அதே காலத்தில் ஒலிபெருக்கியும் சினிமாவும் வந்து, பாடுகிறவரையும் கேட்கிறவரையும் எதிர் எதிரே உட்கார வைத்துவிட்டன. கூட்டமாகப் பாடும் பழக்கம் கோயில் பஜனையிலும் கும்மியிலும் கட்சி ஊர்வலத்திலும் மட்டும் தங்கியது. தேசியப் பாட்டுகள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆர்மோனியத்தோடு, நிதானமான கதியில், ஒருவர் மட்டும் பாடுகிற உருப்படிகளாயின. நாமக்கல் கவிஞரின் நடைப்பாட்டை அந்தக் கதியில் கேட்டால் அது ஏதோ புகழஞ்சலி போல ஒலிக்கிறது. அதை எழுதியது நிமிடத்துக்கு இத்தனை அடி என்று மண்ரோட்டில் விழும் காலுக்கு.

கூட்டத்தின் வாய்க்கு எழுதும் வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. கொங்குப் பகுதியில் வள்ளிக் கும்மி சமீப ஆண்டுகளில் பெரும் எழுச்சி பெற்றிருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களும் படிக்கும் பிள்ளைகளும் மாலையில் ஆசானிடம் பயின்று ஊர்த் திருவிழாவில் ஆடிப் பாடுகிறார்கள். வள்ளி ஒயில் கும்மியைப் பல பத்தாண்டுகளாகக் கற்றுத்தந்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருச்சியிலோ, 2015 அக்டோபர் இறுதியில், மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைதானார். சாலையில் பாடினால் ஊருக்கு ஊர் போகும் என்பது மாறி, ஒரு கைப்பேசியில் எடுத்த பாட்டு ஒரே இரவில் நாடு முழுக்கப் போகும் காலம் அது. அந்தப் பாட்டும் அப்படித்தான் போனது. 1930-இல் அதே திருச்சியிலிருந்து ஒரு பாட்டு கிளம்பியபோது அரசுக்கு இருந்த கலக்கம் அப்போதும் இருந்தது என்பதைக் கைது நடந்த விதமே காட்டியது.

வேதாரண்ய யாத்திரை வழியில் ஆண்டுதோறும் ஏப்ரலில் நினைவு நடைப்பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாமக்கல் கவிஞரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் அச்சிடலாம், யாரும் மெட்டமைக்கலாம், யாரும் பாடிப் பதிவு செய்யலாம். மோகனூரிலோ நாமக்கல்லிலோ பகலில் சர்க்கரை ஆலையிலோ கோழிப்பண்ணையிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் கிடாரை எடுத்து உட்காரும் ஓர் இளைஞர் அந்தப் பாட்டுகளில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர் முதலில் அதை நடந்து பார்த்துவிட்டு மெட்டுப் போட வேண்டும் என்பது ஒன்றுதான் கோரிக்கை.